புரியாத ஓவியமும் பொய்யான படமும்: செம்மணிக்குப் பிறகு எப்படிப் பார்ப்பது?

செம்மணி – சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடை கட்டுவதற்காக 2025 பெப்ரவரியில் அத்திவாரம் வெட்டியபோது மனித என்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. யூன் மாதத்துக்குப் பிறகு நாளாந்தம் எண்ணிக்கை கூடியது. செப்ரெம்பர் தொடக்கத்தில் அந்தக் கட்ட அகழ்வு முடிந்தபோது 200க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் அடையாளங் காணப்பட்டிருந்தன. சிறுவர்களுடையவையும் அவற்றில் அடங்கும். நீல நிறப் பாடசாலைப் பை ஒன்று கிடைத்தது. பொம்மை ஒன்று கிடைத்தது.

அதே வாரங்களில் எங்கள் கைத்தொலைபேசிகளுக்கு வேறு படங்களும் வந்துகொண்டிருந்தன. நாடகக் காட்சி போல ஒளியமைத்த எலும்புக்கூடுகள். சேறு படாத பொம்மைகள். விரல் எலும்புகளின் எண்ணிக்கைகூடப் பிழைத்த கைகள். எல்லாவற்றுக்கும் மேலே “செம்மணி” என்ற எழுத்து. செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சில விநாடிகளில் கிடைக்கும் படங்கள் அவை. பகிர்ந்தவர்களில் பலர் உண்மையென நம்பியே பகிர்ந்தனர். வேறு பலருக்கு அது செயற்கைப் படம் என்று தெரிந்திருந்தது. “உணர்வு உண்மைதானே” என்று பகிர்ந்தனர்.

அந்த வசனத்தைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. உணர்வு உண்மையாக இருந்தால் படம் எப்படியும் இருக்கலாமா? வழக்கமான உருவங்களை விட்டு விலகி, பார்ப்பவரைத் திகைக்க வைக்கும் படங்களும் சிற்பங்களும் எங்கள் மண்ணில் புதியவை அல்ல. கடந்த 30 ஆண்டுகளில் ஈழத்தமிழர் அனுபவத்தைச் சொல்ல முயன்ற முக்கியமான கலைப்படைப்புகள் பல, முதற் பார்வையில் “இது என்ன?” என்று கேட்க வைத்தவைதான். அவற்றுக்கும் இந்தச் செயற்கைப் படங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது இரசனை சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமல்ல. நீதி கேட்டு நிற்கும் ஒரு சமூகத்துக்கு அது சாட்சியம் சம்பந்தப்பட்ட விடயம்.

நல்லூரில் நாம் ஏற்கெனவே கற்ற பாடம்

“உருவம் தெளிவாக இருந்தால்தான் எங்கள் சனத்துக்கு விளங்கும்” என்று ஒரு வாதம் உண்டு. முத்திரைச்சந்தியில் நிற்கும் சங்கிலியன் சிலை அதற்கு உதாரணமாகக் காட்டப்படும். அரசன் என்றால் குதிரையும் வாளும் முடியும் வேண்டும். தலைவர் என்றால் மார்பளவுச் சிலை வேண்டும். இறந்தவர் என்றால் மாலை போட்ட புகைப்படம் வேண்டும். கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் இருந்து சந்திச் சிலைகள் வரை எங்கள் பொதுவெளியை நிறைத்திருப்பது இந்த இலக்கணம்தான்.

ஆனால் முத்திரைச்சந்தியில் இருந்து சிறிது தூரத்தில் நல்லூர் கந்தசுவாமி கோயில் மூலஸ்தானத்தில் இருப்பது என்ன? ஆறு முகமும் பன்னிரு கையும் கொண்ட திருவுருவம் அல்ல, வேல். கண்ணும் முகமும் இல்லாத ஒரு கூர்வடிவம். 25 நாள் திருவிழாவில் இலட்சக்கணக்கானோர் அதன் முன் உருகி நிற்கின்றனர். வேலைப் பார்த்து “இது யார்?” என்று எவரும் கேட்பதில்லை. பின்னால் உள்ள கதையும் நம்பிக்கையும் பழக்கமும் அந்த வடிவத்தைப் பேச வைக்கின்றன. ஆகவே உருவமில்லாத வடிவம் எங்களுக்கு விளங்காது என்பது சரியல்ல. கதை கூட வராத வடிவம்தான் விளங்காது.

அதே நல்லூர் வீதியில்தான் 1987 செப்ரெம்பர் 15 அன்று திலீபன் உண்ணாவிரதம் தொடங்கி 26 அன்று உயிர்நீத்தார். பின்னர் அங்கே எழுப்பப்பட்ட நினைவுத்தூபி உடைக்கப்பட்டது. உடைந்த இடத்திலேயே ஆண்டுதோறும் விளக்கு ஏற்றப்படுகிறது. 2023 இல் திலீபனின் படம் தாங்கிய நினைவு ஊர்தி கிழக்கில் இருந்து நல்லூர் நோக்கி வந்தபோது, செப்ரெம்பர் 17 அன்று திருகோணமலையில் தாக்கப்பட்டது. ஊர்தியுடன் வந்த நாடாளுமன்ற உறுப்பினர் செல்வராசா கஜேந்திரனும் தாக்குதலுக்கு உள்ளானார். ஓர் அலங்கரித்த வாகனம், ஒரு படம், கொஞ்சம் பூ. அவ்வளவுதான். அதை மறிக்க ஒரு கூட்டமே திரண்டது. படங்கள் வெறும் அலங்காரம் அல்ல என்பதை எங்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

வென்றவர்களின் விசித்திரம்

நாட்டின் வடக்கில் மிக விசித்திரமான சிற்பங்களைச் செய்தவர்கள் கலைஞர்கள் அல்ல, படையினர். ஏ9 வீதியில் பயணித்தவர்களுக்கு இது தெரியும். கிளிநொச்சியில் பெரிய கொங்கிறீற்றுக் கனசதுரம் ஒன்று நிற்கிறது. அதைத் துளைத்தபடி ஓர் எறிகணை வடிவம். துளைத்த இடத்தில் இருந்து பரவும் வெடிப்புகள். உச்சியில் ஒரு தாமரை. ஆனையிறவில் பெரிய கைகள் இலங்கைத் தீவின் வரைபடத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. அதிலிருந்து ஒரு பூ மலர்கிறது. புதுக்குடியிருப்பில் நீருக்கு நடுவில் துப்பாக்கியும் கொடியும் ஏந்திய படைவீரன். கூடவே சமாதானப் புறா.

இவை எதுவும் இயல்பான உருவங்கள் அல்ல. கனசதுரத்தில் இருந்து தாமரை முளைப்பதை எந்தத் தோட்டத்திலும் காண முடியாது. ஐரோப்பாவில் 1920களில் தோன்றிய கனவுநிலை ஓவியர்கள் தொடர்பில்லாத பொருட்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பவரைத் திடுக்கிடச் செய்தனர். அந்த உத்தியே இங்கு வெற்றியைக் கொண்டாடப் பயன்பட்டிருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? வடிவத்தில் அல்ல. அந்தக் கனசதுரம் யாரைக் குறிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். துளைக்கப்பட்டது “பயங்கரவாதம்” என்பது அரசின் விளக்கம். ஆனால் வன்னியில் எறிகணை விழுந்தது கனசதுரத்தின் மேல் அல்ல. பதுங்குகுழிகளின் மேல், தறப்பாள் கூடாரங்களின் மேல், வைத்தியசாலைகளின் மேல். கனசதுரம் அந்த இடத்தில் வீடு இல்லை, ஆள் இல்லை, பெயர் இல்லை என்று சொல்கிறது. இங்கு விசித்திரம் வேலை செய்வது மறைப்பதற்காக. பாதிக்கப்பட்டவர் காணாமல் போகும் வகையில் அமைத்த சிற்பம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது ஒரு மூடிதான்.

தெற்கிலும் மூடிகள் போடப்பட்டன. 1980களின் இறுதியில் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் எம்பிலிப்பிட்டியில் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்ட பாடசாலை மாணவர்களின் நினைவாக, ஓவியர் ஜகத் வீரசிங்க வடிவமைத்த நினைவிடம் ஒன்று 1999 இல் பத்தரமுல்லையில் எழுந்தது. அது பராமரிப்பின்றி விடப்பட்டு, பின்னர் அகற்றப்பட்டது. ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1997 இல் இருந்து கொழும்பின் சோதனைச் சாவடிகளில் நின்ற, இராணுவ வண்ணம் பூசிய தார்ப்பீப்பாய்களையே தன் கலைப்பொருளாக எடுத்துக்கொண்டார். “பீப்பாய்வாதம்” என்று அதற்குப் பெயரும் வைத்தார். கறுப்பு யூலையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் யூலையில் அவர் நடத்தும் கண்காட்சிகள் தொடர்கின்றன. தினமும் கடந்து போவதால் எவரும் பார்க்காமல் விட்ட பீப்பாயை, கண்காட்சி மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைத்ததும் அது எவ்வளவு அசிங்கமானது என்று தெரிந்தது. வேலியும் பீப்பாயும் இயல்பாகிப் போன நாட்டில், அவை இயல்பல்ல என்று காட்டுவதே ஒரு கலைப்பணியாகிறது.

வீடுகளில் இருந்து வந்த பொருட்கள்

யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்தை ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவர் ஓவியர் அ. மாற்கு. அவருக்குப் பின் வந்தவர்களில் போரின் அனுபவத்தை மிகத் தொடர்ச்சியாகக் கையாண்டவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் தா. சனாதனன். அவருடைய படைப்புகளைப் பலர் ஓவியம் என்றே ஏற்பதில்லை. காரணம், அவற்றில் பல பார்வைக்குக் கோவைகள், பொருட்கள், அலுமாரிகள்.

2002 போர்நிறுத்தத்தின் பின் பாதை திறந்திருந்த காலத்தில், 2004 இல், யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் “அகம் – புறம்” என்ற கண்காட்சி நடந்தது. தெற்கில் இருந்தும் வடக்கில் இருந்தும் கலைஞர்கள் பங்கேற்றனர். 1981 இல் சுமார் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டு, மீளக் கட்டப்பட்ட அதே கட்டடம். அங்கே சனாதனனும் அவருடன் சேர்ந்த இளம் கலைஞர்களும் வைத்தது ஓவியங்கள் அல்ல. யாழ்ப்பாணத்தின் நூற்றுக்கணக்கான வீடுகளில் இருந்து சேகரித்த பொருட்கள். போரை நினைவூட்டும் ஏதோ ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் கொடுத்திருந்தது. நூல்கள் எரிந்த இடத்தில், எழுதப்படாத வரலாறுகள் வரிசையாக வைக்கப்பட்டன.

“இது ஓவியமா?” என்று கேட்டால், அல்ல. ஆனால் வேறு எப்படிச் சொல்வது? 1995 ஒக்ரோபர் 30 அன்று ஓரிரவில் வலிகாமம் காலியானபோது ஒருவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதை எந்த ஓவியர் எத்தனை திரையில் வரைவது? ஒரு திறப்புக்கோர்வையை வைத்தால் போதும். வீடு இல்லை, பூட்டு இல்லை, திறப்பு மட்டும் இருக்கிறது என்றால் மீதியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். ஏனென்றால் அவர் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும்.

2011 இல் வெளிவந்த சனாதனனின் நூல் “முடிவுறாத தோம்பு” என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்டது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. எங்கள் உறுதிகளிலும் பேச்சிலும் இன்றும் உயிரோடு இருக்கும் சொல். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவில் இருந்து வரையச் சொன்னார். அவர்கள் கைப்பட வரைந்த படம் ஒரு தாளில். கட்டடக் கலைஞர் அளவெடுத்ததுபோல் வரைந்த படம் இன்னொரு தாளில். ஓவியரின் சித்திரம் மற்றொரு தாளில். பார்வைக்கு அரச அலுவலகக் கோவை ஒன்றைப் போன்றது. காணி உறுதி தொலைத்தவர்களுக்கும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் வீடு அகப்பட்டவர்களுக்கும் அந்தக் கோவை வடிவம் விளங்காமல் போகாது. கிராமசேவையாளரிடம் தொடங்கி மாவட்டச் செயலகம் வரை அவர்கள் கொண்டு திரிந்ததும் அப்படியொரு கோவையைத்தான்.

அந்தத் தரைப்படங்கள் அளவுப்படி சரியானவை அல்ல. குசினி வீட்டைவிடப் பெரிதாக இருக்கலாம். கிணற்றடி நடுவில் வரலாம். நில அளவையாளருக்கு அது பிழை. ஆனால் ஒருவருக்குத் தன் வீட்டில் எது பெரிதாக இருந்தது என்பதற்கு அதுவே சரியான அளவு.

பின்னர் வந்த அவருடைய “எதிர்ப்பின் அலுமாரி”, 2016 கொச்சி – முசிறிஸ் பியனாலேயில் வைக்கப்பட்டது. நூலக அட்டவணை அட்டைகள் அடுக்கும் இழுப்பறைப் பெட்டி போன்றது. ஒவ்வொரு இழுப்பறையிலும் போருக்குள் வாழ்ந்தவர்களின் கதைகள். இழுத்துத் திறந்து, குனிந்து, ஒவ்வொரு அட்டையாக வாசிக்க வேண்டும். கைத்தொலைபேசியில் பெருவிரலால் தள்ளிவிட்டுப் போவதற்கு நேரெதிரான பார்வை அது.

அடுத்த தலைமுறையிலும் இந்தத் தொடர்ச்சி உண்டு. இடப்பெயர்வுக்குள் வளர்ந்த ஜஸ்மின் நிலானி ஜோசப் பேனாவால் நுணுக்கமாக வேலிகளை வரைகிறார். மட்டக்களப்பைச் சேர்ந்த பாக்கியராஜா புஷ்பகாந்தன் காணாமல் ஆக்கப்பட்டோரின் உடலில்லாத இருப்பை வரைகிறார். இவற்றில் இரத்தம் குறைவு, அழுகை குறைவு. வேலியும் வெற்றிடமும் அதிகம். காரணம் கலைஞரின் மேட்டிமை அல்ல. கண்காணிப்புக்குள் வாழ்ந்த மக்கள் வீட்டுக்குள்ளேயே குறிப்பால் கதைத்துப் பழகியவர்கள். “அவர்”, “அந்தப் பக்கம்”, “அந்த நேரம்” என்றால் எதைச் சொல்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும். குறிப்பால் பேசும் கலை அந்தப் பேச்சின் நீட்சிதான்.

இடிக்க முடிந்ததும் முடியாததும்

குறிப்பால் சொல்லாமல் வெளிப்படையாக நின்றதற்கு என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். நல்லூரை அடுத்த திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. அந்தத் தூபியில் போராளியும் இல்லை, ஆயுதமும் இல்லை. மேல்நோக்கி எழும் கைகள் மட்டுமே இருந்தன. முகமில்லாத கைகள். ஆனையிறவிலும் கைகள்தான், அவை தீவைத் தூக்கிப் பிடிக்கின்றன. பல்கலைக்கழகத்தில் இருந்தவை உதவி கேட்டு எழுந்த கைகள். முதல்வகைக் கைகளுக்குப் படைக்காவல். இரண்டாம் வகைக் கைகளுக்கு இரவோடு இரவாகப் புல்டோசர்.

மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். வடக்கு, கிழக்கில் கடையடைப்பு நடந்தது. தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் கண்டனம் எழுந்தது. ஜனவரி 11 அன்று அதே இடத்தில் மீண்டும் அடிக்கல் வைக்கப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் தூபி மீள எழுந்தது. இடித்தபின் அது முன்னரைவிட அதிகம் பேருக்குத் தெரிந்த வடிவமாயிற்று.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரத்தில் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் செய்ததும் ஒரு காட்சிப்படுத்தல்தான். அவர்கள் அதைக் கலை என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தகரக் கொட்டகை, பிளாஸ்ரிக் கதிரைகள், பொலித்தீன் உறையிட்ட கடவுச்சீட்டு அளவுப் படங்களைப் பெரிதாக்கிய வரிசை. மழையில் நனைந்து வெளிறிய படங்களை மாற்றி மாற்றி அவர்கள் தொங்கவிட்டார்கள். படத்தில் உள்ள பிள்ளைக்கு வயது ஏறவில்லை; பிடித்திருக்கும் தாய்க்கு ஏறிக்கொண்டே போனது. இந்தத் தீவின் எந்தக் கலைக்கூடத்திலும் இதற்கு இணையான ஒன்றை வைத்துவிட முடியாது.

உலகச் சந்தையில் எங்கள் வடிவங்கள்

புலம்பெயர் தேசத்தில் இந்த விசித்திரம் வெகுசனக் கலாசாரத்துக்குள் நேரடியாகப் புகுந்தது. 1975 இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்து, 1986 அளவில் அகதியாக லண்டன் திரும்பியவர் மாதங்கி அருட்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடகியாக அறியப்படுவதற்கு முன்னர் சென்ட்ரல் சென் மார்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் கற்றவர், ஓவியர். 2001 இல் அவர் காட்சிக்கு வைத்த அச்சுத்தகட்டு ஓவியங்களில் புலிகளும் பனைமரங்களும் துப்பாக்கிகளும் பளீர் நிறங்களில் இருந்தன. தெருச்சுவர் எழுத்தும் விளம்பரமும் கலந்த பாணி. எங்கள் துயரத்தை இப்படி நவநாகரிகமாக்கலாமா என்று தமிழரே கேட்டனர். பயங்கரவாதத்தை அழகுபடுத்துகிறார் என்று மற்றவர்கள் குற்றஞ்சாட்டினர்.

2009 ஓகஸ்ட்டில் கண்கட்டிய, நிர்வாணமாக்கிய கைதிகள் சுடப்படும் காணொளியைப் பிரித்தானியாவின் சனல் 4 வெளியிட்டது. இலங்கை அரசு அதைப் போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், மூன்று சுயாதீன நிபுணர்களின் ஆய்வை முன்வைத்து, காணொளி உண்மையானதாகவே தோன்றுகிறது என்றார். அதே ஆண்டு ஏப்ரலில் எம்.ஐ.ஏ.யின் ஒரு பாடற்காணொளி வெளிவந்தது. அதில் செந்நிற முடி கொண்ட வெள்ளை இளைஞர்கள் படையினரால் வளைத்துப் பிடிக்கப்பட்டு, பாலைவெளியில் சுடப்படுகின்றனர். யூடியூப் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. உலகம் அதிர்ந்தது. உண்மையான கொலைக்காட்சிக்குக் கிடைக்காத அதிர்ச்சி, நடிகர்கள் நடித்த காட்சிக்குக் கிடைத்தது. ஆட்களின் தலைமுடி நிறத்தை மாற்றியதே அந்தக் கலைஞர் செய்த விசித்திரம். யாருடைய சாவு உலகத்தின் கண்ணுக்குச் சாவாகத் தெரிகிறது என்பதை அந்தச் சிறு மாற்றம் அம்பலப்படுத்தியது.

லண்டனில் வளர்ந்த மற்றொரு தமிழர் கிறிஸ்ரோபர் குலேந்திரன் தோமஸ். அனிக்கா கூல்மனுடன் இணைந்து அவர் செய்யும் காணொளிப் படைப்புகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. 2019 இல் வெளிவந்த படைப்பொன்றில் பாடகி டெய்லர் சுவிப்ட்டைப் போன்ற செயற்கை உருவம் கலையையும் மனிதரையும் பற்றிப் பேசுகிறது. 2022 இல் லண்டன் ஐ.சி.ஏ. கலை நிலையத்திலும் பெர்லினிலும் காட்டிய மற்றொரு படைப்பில், ஈழ விடுதலைப் போராட்டத்தின் பழைய ஒளிப்பதிவுகளுக்கு நடுவே கிம் கர்தாசியன் போன்ற உருவம் பேசுகிறது. எது பழைய ஒளிப்பதிவு, எது இயந்திரம் ஆக்கியது என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வர வேண்டும் என்பதே நோக்கம். கலைக்கூடத்துக்குள் அந்தச் சந்தேகம் பயனுள்ளது. வரலாற்றை யார் சொன்னாலும் அது தொகுக்கப்பட்டது, வெட்டி ஒட்டப்பட்டது என்று அது நினைவூட்டுகிறது.

ஆனால் கலைக்கூடத்துக்கு வெளியே? 2023 நவம்பர் 27, மாவீரர் நாளில், விடுதலைப் புலிகளின் தலைவரின் மகள் தானே என்று சொல்லும் ஒரு பெண்ணின் உரைக் காணொளி இணையத்தில் வெளியானது. ஆள்மாறாட்டமா, செயற்கை நுண்ணறிவா என்று உலகத் தமிழர் குழுக்கள் எல்லாம் வாரக்கணக்கில் மோதிக்கொண்டன. இலக்கற்ற கோபமும் அவமானமும் மிஞ்சின. லண்டன் பார்வையாளர் சந்தேகத்துடன் வெளியே வந்து ஒரு கோப்பி குடித்துவிட்டு வீடு போகலாம். வன்னியில் பிள்ளையைக் கையளித்துவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கு அந்தச் சந்தேகம் வேறு. தன் பிள்ளையும் ஒருநாள் திரையில் வரலாம் என்ற எண்ணம் அது.

போலி என்ற சொல்லுக்கு யார் காத்திருக்கிறார்கள்?

இனி செம்மணிப் படங்களுக்கு வருவோம். அவற்றைப் பகிர்ந்தவர்களை ஏளனம் செய்வது நியாயமல்ல. 1998 இல் கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட படைச்சிப்பாய் ஒருவர் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றில் சொன்னார். 1999 அகழ்வில் 15 என்புத் தொகுதிகளே மீட்கப்பட்டன. அதன்பின் கால் நூற்றாண்டு மௌனம். அவ்வளவு காலம் காத்திருந்த ஒருவர், உலகம் ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கட்டும் என்று மிகப் பெரிதாகத் தெரியும் படத்தைத் தேடுவது இயல்பு.

ஆனால் கடந்த காலம் எங்களுக்கு ஒன்றைச் சொல்லித் தந்திருக்கிறது. உண்மையான காணொளியையே போலி என்றவர்கள், போலிப் படம் கிடைத்தால் அதை விடுவார்களா? ஆயிரம் செயற்கைப் படங்களுக்கு நடுவில் ஓர் உண்மைப் புகைப்படம் வைத்தால் அந்த ஒன்றும் சந்தேகத்துக்குள் போகும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பொய்யை நிரூபிக்க வேண்டியதில்லை. குழப்பத்தைக் காட்டினால் போதும்.

அதைவிட ஆழமான இழப்பும் உண்டு. செயற்கைப் படத்தில் யாரும் இறக்கவில்லை. அந்த எலும்புக்கு உரியவர் இல்லை. மென்பொருள் உலகெங்கும் உள்ள பல்லாயிரம் படங்களில் இருந்து கலந்து எடுத்த பொதுவான துயரம் அது. செம்மணியில் கிடைத்த பைக்கு உரிய பிள்ளை ஒன்று இருந்தது. அந்தப் பையை யாரோ கடையில் வாங்கினார்கள் அல்லது நிவாரணத்தில் பெற்றார்கள். காலையில் யாரோ தோளில் மாட்டிவிட்டார்கள். பை அழகாக இல்லை; மண்ணோடு மண்ணாக, கசங்கி இருக்கிறது. அந்த அழகின்மைதான் அதன் சாட்சியம்.

2025 ஓகஸ்ட் 5 அன்று, நீதிமன்றக் கட்டளைப்படி, செம்மணியில் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் பொதுமக்கள் அடையாளங் காண்பதற்காக வைக்கப்பட்டன. உறவுகளைத் தேடுவோர் வரிசையாக வந்து பார்த்தனர். அது கண்காட்சி அல்ல; அதைக் கலை என்று சொல்வது பாவம். ஆனால் பார்க்கும் முறை எங்களுக்குப் புதியதல்ல. 2004 இல் பொதுநூலகத்தில் வீட்டுப் பொருட்களை வரிசையில் வைத்து, “ஒவ்வொன்றும் ஒருவருடையது, நின்று பாருங்கள்” என்று அந்தக் கலைஞர்கள் கேட்டது இதே பார்வையைத்தான். அன்று அதைப் புரியாத ஓவியம் என்று கடந்துபோயிருந்தாலும், ஒரு சட்டைப் பொத்தானின் முன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இன்று எங்களுக்குத் தெரியும்.

எனவே விசித்திரமான படம் ஒன்று கண்முன் வரும்போது, “விளங்குகிறதா?” என்பதை முதற்கேள்வியாக வைக்க வேண்டாம். வேறு மூன்று கேள்விகள் கேட்கலாம். இது எப்படி, யாரால் செய்யப்பட்டது என்று மறைக்காமல் சொல்கிறதா? இதில் உள்ள இழப்பு யாருடையது. அவருக்கு இதில் இடம் இருக்கிறதா? இதைப் பார்த்தபின் உண்மைக்குக் கிட்டப் போகிறோமா, இல்லை ஒருமுறை அழுதுவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறோமா? தோம்பும் தாய்மாரின் கொட்டகையும் இந்த மூன்றுக்கும் பதில் தருகின்றன. கிளிநொச்சிக் கனசதுரம் இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடுகிறது. செம்மணி பெயரில் வந்த செயற்கைப் படங்கள் மூன்றிலும் விழுகின்றன.

வீடு திரும்பாத படைப்புகள்

கலைஞர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. எங்கள் வீடுகளின் கதைகளில் இருந்து பிறந்த படைப்புகள் கொச்சி, வன்கூவர், லண்டன், பெர்லின் என்று பயணிக்கின்றன. விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நூல்களின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. தரைப்படம் வரைந்து கொடுத்தவர் தன் வீட்டை அச்சில் பார்க்க எங்கே போவது? கொழும்பில் 2019 டிசெம்பரில் தொடங்கிய நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழியிலும் விளக்கம் வைக்கிறது. வடக்கில் இந்தப் படைப்புகளை நிரந்தரமாகத் தமிழ் விளக்கத்துடன் பார்க்கக்கூடிய ஓரிடம் வேண்டும். நாவலர் வீதியில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நல்லூர் அரசின் எச்சங்களை அங்கே காணலாம். பொதுநூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டி 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்ட பெரிய கலாசார நிலையம் இருக்கிறது. கட்டடம் இல்லாதது எங்கள் குறையல்ல.

பாடசாலைகளிலும் ஒரு மாற்றம் தேவை. சித்திர பாடத்தில் பொங்கல் பானையும் சூரியனும் வரையும் பிள்ளைக்கு, ஒரு படம் எப்படிச் செய்யப்படுகிறது, எது ஒளிப்படம், எது இயந்திரம் ஆக்கியது என்று பார்க்கவும் சொல்லிக்கொடுக்கலாம். வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதன் கதையை அம்மம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லலாம். செலவு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு, சட்டகத்துக்குள் ஒரு திறப்பு மட்டும் தொங்கும் கலைப்படைப்பைப் பார்த்தால் சிரிக்காது.

செம்மணி அகழ்வும், மரபணுப் பரிசோதனை பற்றிய கோரிக்கையும், சர்வதேச மேற்பார்வை பற்றிய விவாதமும் இன்னும் முடியவில்லை. இனிவரும் ஆண்டுகளில் மேலும் படங்கள் வரும். உண்மையானவையும், கலைஞர்கள் ஆக்கியவையும், இயந்திரம் ஆக்கியவையும் ஒரே திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்களிடம் இருப்பவை கொஞ்சம் பொருட்களும் கொஞ்சம் பெயர்களும்தான். அவற்றை அழகுபடுத்தத் தேவையில்லை. எது யாருடையது என்று எழுதி வைப்போம். பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்து, புகைப்படங்களின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் திகதியையும் குறித்து வைப்போம். நாளை ஒரு நீதிபதிக்கும் ஒரு கலைஞருக்கும் தேவைப்படப் போவது அந்தக் கையெழுத்துத்தான்.